முறைக்கல்லில் உட்கார்ந்தவன்

தை 7, புதன்

வாங்க, வாங்க. நல்லா இருக்கிறீர்களா? வீட்டில் எல்லோரும் சுகமா? இந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகம், காதை மூடிக்கொண்டு உட்காருங்கள். எதிரே ஒரு ஆள் இருந்து 'ம்' கொட்டுவதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும், அதனால் கேட்டேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். அறிவொளிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது வடிவுதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு முன்னாடியே அவள் எழுத்துக்கூட்டிவிட்டாள். வடிவு என் பெண்டாட்டி. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் கொம்பையா. ஊர் கருவேலங்குளம், செம்மணல் தேரிக்காட்டுக்கு மேற்கே. ஆடு வளர்க்கிறேன். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டு முற்றத்தில் ஊரே வந்து உட்காரும், நான் கதை சொல்லுவேன். அதற்கு யாரும் எனக்கு ஒன்றும் தருவதில்லை. வடிவு எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுப்பாள்.

இப்போது சந்தனத்துறைக்கு வந்திருக்கிறேன். எதற்கு வந்தேன் என்றால், இங்கே இருக்கிற சங்குத் திடலைப் பார்க்க வந்தேன். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்களாம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்? வடிவு அந்தத் திடலில்தான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம். அவள் அக்கா மகள் ராசக்கனி அங்கே ஆப்பக்கடை வைத்திருக்கிறாள். ராசக்கனி கால் முறிந்து படுத்தபோது ஒத்தாசைக்கு என்று ஆவணியில் வடிவு வந்தாள். கால் கூடிவிட்டது. ராசக்கனி நடக்கிறாள், ஓடுகிறாள், சைக்கிள்கூட விடுகிறாளாம். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பொங்கலுக்கும் வடிவு வரவில்லை. பானையை நானே வைத்தேன். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று பார்க்க மறந்துவிட்டேன். யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

பஸ்ஸில் வரும்போது ஒருத்தர் மடியில் சேவலை வைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சேவலைப் பற்றியே ஒரு பொழுது பேசலாம். இருக்கட்டும்.

திடலைப் பார்த்துவிட்டேன். பார்த்ததில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேற்கே பெரிய மாதா கோயில். தெற்கே ஓடு சரிந்த பழைய பண்டகசாலை. அந்தக் காலத்தில் கடலில் எடுத்த சங்கை அங்கேதான் கொட்டி ஏலம் விடுவார்களாம். வடக்கே உருண்டைத் தூண் வைத்த கடைகள். கிழக்கே கடல். சரி, நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. வெறும் மணல். இதற்கா வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்? பார்க்க வேண்டியதை யாரோ நேற்றுத் தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரி அந்த வெறும் மணலைத்தான் நின்று நின்று படம் பிடித்தாள். நானும் அவள் பின்னால் நின்று பார்த்தேன். மணல்தான்.

கடைக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் வடிவு நின்றாள். கூட்டம் நெரித்தது. "வடிவக்கா, எனக்கு ரெண்டு" என்கிறார்கள், "வடிவக்கா, நேத்து சொன்னியளே, அது என்னாச்சு" என்கிறார்கள். அவளும் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிச் சிரிக்கிறாள். எங்கள் ஊரில் அவளுக்கு 'கொம்பையா வீட்டம்மா' என்றுதான் பெயர். நான் நிற்பதைப் பார்த்தாள்.

"வந்திட்டியளா. கையக் கழுவிட்டு உக்காருங்க, ஆப்பம் சூடா இருக்கு."

அவ்வளவுதான். சாப்பிட்டேன். கூட்டம் கழியட்டும், பேசலாம் என்றாள். அதுவரைக்கும் எங்கே இருப்பது? திடல் ஓரத்தில் ஒரு பூவரசு மரம் நிற்கிறது. அதன் நிழலில் ஒரு கறுப்புக் கல், நாலு பேர் உட்காரலாம், ஆனால் யாரும் உட்காரவில்லை. எதிரே கோயில். சாமிக்கு முன்னால் செருப்போடு உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. செருப்பைக் கழற்றி, கோயிலைப் பார்க்க ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காலை மணி அடித்தது. கடல் காற்று. கண் அசந்துவிட்டேன் போல. மத்தியான மணிக்குத்தான் முழிப்பு வந்தது.

முழித்தால் பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ. நான் கேட்கவே இல்லை. எதிரே டீக்கடைக்காரர், கடைப் பலகையில் மச்சாது என்று பெயர் போட்டிருக்கிறது, தலைமுண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்ன அண்ணாச்சி என்று கேட்டேன்.  தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆப்பக்கடைப் பக்கம் பார்த்தேன். வடிவு கையில் கரண்டியோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் காலையில் பார்த்த முகம் இல்லை. நான் கையைத் தூக்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

பேசலாம் என்றாளே.

தை 8, வியாழன்

ராசக்கனியின் வீடு ஒற்றை அறை. அவள் வீட்டுக்காரர் ஐஸ் லாரி ஓட்டுகிறார், வந்தால் காலை நீட்டவும் அங்கே இடம் போதாது. அதனால் கோயில் சத்திரத்தில் படுத்துக்கொண்டேன். நல்ல சத்திரம். பாயில்தான் மீன் வாடை.

காலையில் கடைக்குப் போனால் ராசக்கனி மட்டும் இருந்தாள். சித்தி மாவு அரைக்கப் போயிருக்கா என்றாள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. வடிவின் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? சரி, வேலையாக இருப்பாள் என்று மறுபடி அந்தக் கல்லுக்கே போனேன். வேறு எங்கே போவது, இந்த ஊரில் எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

இன்றைக்கு நடந்ததைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதலில் டீ வந்தது. பிறகு ஒரு அம்மா சோறும் சாளை மீன் குழம்பும் மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு வாழைப்பழம். வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தபோது யாரோ குடையை விரித்து மரத்தில் கட்டிவிட்டார்கள். ஆனால் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. உங்க பேரு என்ன என்றால் தலையாட்டு. மழை உண்டா என்றால் தலையாட்டு. இந்த ஊரில் விருந்தாளியை இப்படித்தான் நடத்துவார்களா, அல்லது என் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

எனக்குப் பேச்சு இல்லாமல் இருக்க முடியாது. அது உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். யாரும் பேசாவிட்டால் போகிறது, நான் பேசுகிறேன் என்று ஒரு கதையை எடுத்துவிட்டேன். எங்கள் ஊர் வேலாண்டியின் வெள்ளாட்டுக் கதை. அது ஒருநாள் பக்கத்து ஊர் ஆட்டுக் கிடைக்குப் போனது. அங்கே அகத்திக் குழை போட்டார்கள். மறுநாள் இவன் போய்க் கூப்பிட்டான், வரவில்லை. அந்தக் கிடைக்காரன் கட்டியா போட்டிருக்கிறான்? இல்லை. அது அவிழ்ந்துதான் நிற்கிறது. இவன் தினமும் போய் வேலிக்கு வெளியே நிற்கிறான். அது இவனைப் பார்க்கிறது, தின்கிறது, மறுபடி பார்க்கிறது. இங்கே நான் வேலாண்டியின் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், ஏனென்றால் அது கற்றாழை நார்க் கயிறு, அந்தக் கயிற்றைத் திரித்தது யார் என்பதே ஒரு கதை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. சோறு கொண்டுவந்த அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வலைக்காரர் ஒருத்தர் கண்ணைத் துடைத்தார். பிறகு எல்லோரும் மெதுவாகத் திரும்பி ஆப்பக்கடையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

ஆட்டுக்கும் ஆப்பக்கடைக்கும் என்ன? 

தை 9, வெள்ளி

காலையிலிருந்து சாயங்காலம் வரை இருந்தேன், டீ ஐந்து தடவை வந்தது, பேச்சு ஒரு தடவையும் வரவில்லை, வடிவும் வரவில்லை.

தை 10, சனி

இன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகு குழப்பம் கூடிவிட்டது.

கல்லுக்குப் போக எழுந்து சத்திரத்துக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ராசக்கனி வேகமாக வந்தாள். நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு அடிக்குரலில் ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, நான் இதச் சொல்லப்படாது. சொன்னேன்னு தெரிஞ்சா ஊர்ல என்னய வைவாவ. ஆனாலும் கேக்கேன், சித்திய இப்படி ஊருக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தணுமா?"

நான் எங்கே நிறுத்தினேன்? நானே கல்லில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

"அதத்தான் சொல்லுதேன். அது முறைக்கல்லு."

பிறகு சொன்னாள். அந்தக் காலத்தில் சங்கு குளிக்கிறவனுக்குத் தோணிக்காரன் அநியாயம் செய்துவிட்டால், அவன் கோர்ட்டு கச்சேரிக்குப் போகமாட்டான். காலை மணிக்கு வந்து செருப்பைக் கழற்றிக் கோயிலைப் பார்க்க வைத்துவிட்டு இந்தக் கல்லில் உட்காருவான். மத்தியான மணி வரை எழுந்திருக்காவிட்டால் அவன் முறையிட வந்தவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் என்ன ஏது என்று கேட்கக்கூடாது, வாயைக் கிளறக்கூடாது. சோறும் தண்ணியும் கொடுத்து வைத்திருக்க வேண்டியது ஊரின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் கூடும். அவன் யார் மேல் குறை என்று சொல்லுவான். பெயர் வந்த ஆள் வந்து பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அப்படித்தானாம். வெளியூர்க்காரர்கள் கால் வலிக்கு அதில் உட்காருவதுண்டு, ஆனால் அவர்கள் செருப்பைக் கழற்றுவதில்லை.

"போன புரட்டாசியில ஒரு ஆளு எஞ்சின் தகராறுக்கு உக்காந்தாரு. சித்தியும் பாத்துக்கிட்டுதான் இருந்தா. அவளுக்கு முறை தெரியும். நீங்க வந்த அன்னைக்கே செருப்பக் கழத்தி வச்சத பாத்தா. அப்படியே இடிஞ்சு போயிட்டா. குறை தன் மேலதான்னு சந்தேகப்படுதவ கல்லுப் பக்கம் போகப்படாது, அதான் வரல. அதுக்கு மேல ஆடு கத வேற சொன்னிய."

அது வேலாண்டியின் ஆடு என்றேன். சத்தியமாக வேலாண்டி என்று ஒருத்தன் இருக்கிறான், அவன் மச்சான்கூட நெல்பேட்டையில் மூட்டை தூக்குகிறான் என்றேன். ராசக்கனி என்னையே பார்த்தாள்.

"அப்ப நீங்க எதுக்கு வந்திய சித்தப்பா?"

திடலைப் பார்க்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ வரவில்லை.

சரி, எழுந்து பஸ் ஏறிவிடுகிறேன், முறையும் வேண்டாம் கல்லும் வேண்டாம் என்றேன். அதற்கும் வழியில்லையாம். உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் கல்லைப் பொய்யாக்கினவன் என்று ஆகிவிடும். அப்படிப்பட்டவன் பிறகு இந்தத் திடலுக்குள் கால் வைக்கக்கூடாது.

"சித்தி இருக்க கடை திடலுக்குள்ளதான இருக்கு" என்று சொல்லிவிட்டு ராசக்கனி போய்விட்டாள்.

ஆக, எழுந்து போனால் வடிவை இனிப் பார்க்க முடியாது. இருந்தால் அவளை ஊர் நடுவில் நிறுத்தியவன் ஆவேன், அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கமாட்டாள். செருப்பைக் கழற்றியதற்கு இவ்வளவா? கழற்றாமல் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் அவளோடு பேசி முடித்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பேனே. பேசி முடித்திருப்பேனா? என்ன பேசியிருப்பேன்? யோசித்துப் பார்த்தால் அந்தச் சேவல் கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் மச்சாது டீ கொண்டுவந்தார். அண்ணாச்சி, இது தெரியாமல் நடந்துபோன தப்பு என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

தை 11, ஞாயிறு

இன்றைக்கு எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூசை முடிந்து சனங்கள் படியிறங்கி நேராகக் கல்லைச் சுற்றி வந்து நின்றார்கள். வெறும் மணலாக இருந்த திடல் நிறைந்துவிட்டது. டீக்கடை மச்சாதுதான் ஊர்க் கமிட்டித் தலைவராம். இத்தனை நாளும் எனக்கு டீ தூக்கியவர், இன்றைக்கு வெள்ளை வேட்டியில் வந்து நின்றபோது எனக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை. உட்காரச் சொன்னார்.

"அண்ணாச்சி, முறையச் சொல்லிருதேன். கல்லுல இருக்கிறவரு குறை யாரு மேலன்னு ஒரு வார்த்தையில சொல்லணும். யாரு பேரச் சொல்லுதாரோ அவுக வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். அவுக போதும்னு சொல்லுத வரைக்கும் நீங்க வாயத் தொறக்கப்படாது. தொறந்தா உங்க குறை தள்ளிப்போச்சுன்னு அர்த்தம்."

ஒரு வார்த்தை. எனக்கு. நான் தண்ணீர் வேண்டும் என்றாலே குளம் வெட்டின கதையிலிருந்து ஆரம்பிப்பவன்.  'இந்த ஊர்த் திடலைப் பார்க்கலாம்னு...' என்று ஆரம்பித்தேன். மச்சாது கையைத் தூக்கினார். ஒரு வார்த்தை அண்ணாச்சி என்றார். நான் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்று ராத்திரி முழுக்க முடிவுசெய்து வைத்திருந்தேன். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது என்று வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"வடிவு."

அதுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏளா என்பேன், இந்தா என்பேன், கல்யாணம் ஆனதிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் பெயரை நான் சொன்னதாக நினைவில்லை. என் காதுக்கே புதிதாக இருந்தது.

கூட்டம் விலகியது. வடிவு வந்தாள். முந்தானையில் மாவு. அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தேன், இல்லை. கல்லுக்கு முன்னால் வந்து நின்று முதலில் மச்சாதுவைப் பார்த்து, எவ்வளவு நேரம் வேணும்னாலுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தாள்.

முதலில் ஆட்டை எடுத்தாள். நான் ஆடா என்று கேட்டாள். வேலாண்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு முற்றத்தைப் பற்றிச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் முதுகுதான் அவளுக்குத் தெரியுமாம். அவள் அடுப்படியில் இருந்து பார்ப்பாளாம், எல்லோரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்களாம். காப்பி வாங்கும்போதுகூடக் கையைப் பின்னால் நீட்டித்தான் வாங்குவார்களாம், கதை தவறிவிடக்கூடாது என்று. அப்படியா? நான் கவனித்ததில்லை. மாட்டு வியாபாரி கதை சொன்ன அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்றாள். எந்த மாட்டு வியாபாரி கதை, எனக்கு அதில் மூன்று இருக்கிறதே என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கேட்கக்கூடாதே.

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் விழுங்கினேன்.  ஒரு ஆள் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. பாதியில் எனக்கு எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அவள் சொல்கிற வீடு என் வீடு மாதிரியும் இருந்தது, இதுவரை போகாத வீடு மாதிரியும் இருந்தது.

பிறகு அவள் குரலை இறக்கினாள்.

"எங்கம்மா சாகும்போது பக்கத்துல நான்தான் இருந்தேன். நீங்க சந்தைக்குப் போயிருந்திய. அம்மா தண்ணி கேட்டா. நான் ஊட்டுனேன். நீங்க அத முத்தத்துல கதையாச் சொன்னிய. அம்மா தேன் கேட்டான்னு சொன்னிய. ஊரு பூரா அழுதிச்சு. அதுக்கப்புறம் எத்தன வாட்டி சொன்னிய, எல்லா வாட்டியும் தேன்தான். இப்ப ராத்திரி கண்ண மூடிப் பாத்தா என் கையில தேன்குப்பி இருக்கு. எங்க வீட்டுல தேனே கெடையாது. எங்கம்மாவுக்கு நான் கொடுத்த தண்ணிய எங்க கொண்டு போட்டிய?"

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்குத் தேன் என்றுதான் ஞாபகம். நான் உட்கார்ந்து பார்த்த மாதிரி ஞாபகம். சந்தைக்குப் போயிருந்தேனா? சந்தையில் அன்றைக்கு என்ன வாங்கினேன்? ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீராகத்தான் இருக்கும். அவள் சொன்னால் தண்ணீர்தான்.

"இங்கன நான் பேசுனா கேக்காவ" என்றாள். "ஆப்பத்துல உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னாக்கூட என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதாவ. அது எனக்குப் புடிச்சிருக்கு. அதான் வரல. உங்க மேல கோவம்னு இல்ல. போதும்."

மச்சாது என்னிடம் திரும்பினார். இப்போது நான் பேசலாமாம். இத்தனை நேரம் விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. வேலாண்டி, மாட்டு வியாபாரி, சந்தை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றது. எதை எடுப்பது என்று தெரியவில்லை. ஊரே பார்க்கிறது. எனக்கு வந்தது ஒரு கேள்விதான், அதுவும் தெரியாமல்தான் கேட்டேன்.

"இன்னும் இருக்கா?"

வடிவு முந்தானையில் இருந்த மாவைத் தட்டினாள். தட்டத் தட்ட அது பரவிக்கொண்டே போனது.

"இருக்கு. நெறைய இருக்கு. கடை அடைச்சப்புறம்."

அவ்வளவுதான். மச்சாது, முறை முடிந்தது என்றார். யார் ஜெயித்தது, தள்ளிப்போயிற்றா இல்லையா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். ஐந்து நாளாகப் பேசாத மனுஷன், செருப்ப மாட்டுங்க அண்ணாச்சி, மணல் சுடும் என்றார்.

தை 12, திங்கள்

கடை அடைத்த பிறகு வந்தாள். பண்டகசாலைப் படியில் உட்கார்ந்தோம். ஊருக்கு எப்போது கிளம்பலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்ல வந்தது நின்றுவிடுமோ என்று பயம். அவள் சின்னப் பிள்ளையில் தேரியில் வழி தவறியதைச் சொன்னாள். அது எனக்கு ஏற்கனவே தெரிந்த கதை என்று நினைத்தேன். கேட்கக் கேட்க வேறாக இருந்தது. நடுவில் எனக்கு இரண்டு இடத்தில் நன்றாகச் சொல்ல வந்தது. வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டேன்.

தை 15, வியாழன்

தேங்காய் துருவினேன். இந்த ஊர்த் தேங்காய்க்குத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. விரலில் வெட்டு. கடைக்கு வருகிறவர்கள் இப்போது என்னோடு பேசுகிறார்கள், ஆனால் மூன்று பேர் தனித்தனியாக வந்து அந்த ஆடு கடைசியில் என்னாயிற்று என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. எங்கள் ஊரில் கேட்டிருந்தால் மளமளவென்று ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

இன்றைக்கும் ஊருக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் ஆடுகளைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். எத்தனை நாளைக்குப் பார்ப்பான்?

தை 19, திங்கள்

மத்தியானம் ஒரு வேடிக்கை. பண்டகசாலைக்குப் பின்னால் மச்சாதுவுக்கு ஓடு போட்ட ஒரு அறை இருக்கிறது, வலை போட்டு வைத்திருந்தார். அதைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். யாருக்கு அண்ணாச்சி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்களுக்குத்தான். வடிவக்கா கேட்டா. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. கடைக்கு ஓடினேன். வடிவு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சத்திரத்துல எத்தன நாளைக்கு மீன் வாடையில படுப்பிய? பாத்திரம் பண்டம் ஊர்ல இருந்து கொஞ்சம் எடுத்திட்டு வாங்க. பெரிய பானை வேண்டாம். தம்பிகிட்ட ஆட்ட ஒப்படைச்சிட்டு வந்திருங்க."

நான் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன், உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். அப்படி வந்தவனுக்கு அவள் வீடு பார்த்து வைத்திருக்கிறாள். இதற்கு நான் சரி என்றேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. கரண்டியை எடுத்துக் கொடுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தை 24, சனி

ஊருக்குப் போய் வந்துவிட்டேன். முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கதை சொல்லிவிட்டுப் போ என்று. சந்தனத்துறையில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வடிவு சொன்னதை நான் சொல்லக்கூடாது, நான் சொன்னால் அதில் தேன் வந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். பின்னால் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கொம்பையாவுக்கு உடம்பு சரியில்லை என்றிருப்பார்கள்.

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினாலும் கடல் சத்தம். கடை அடைத்தாயிற்று. வடிவு வாசலில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் உங்களுக்கு அந்தச் சேவல்காரர் கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ரொம்ப நாளாகப் பாக்கி நிற்கிறது. அவர் தூத்துக்குடியில் ஏறினார், மடியில் சேவல், சேவலின் காலில் சிவப்பு நூல், அந்த நூல் ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இருக்கிறதே, அது

"என்னங்க, வாரியளா? ஒண்ணு சொல்லணும்."

இதோ வாரேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் இருங்கள், சேவல்காரர் என்ன சொன்னார் என்றால், அந்த நூலை அவர் பெண்டாட்டிதான் கட்டினாளாம், எதற்கென்றால், மறுபடியும் கூப்பிடுகிறாள், நான்